பழைய கட்டிடம் வாங்கும்போது எந்த சர்வே வேண்டும்? பலரும் செய்யும் தவறுகள்

சர்வே என்றதும் பலருக்கு எல்லைக்கல்லும் அளவை நாடாவும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனால் பழைய வீடு வாங்கப் போகிறவர் நில அளவரை அழைத்து நான்கு எல்லைகளையும் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார். நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அந்த அளவை சொல்லும். உத்திரத்துக்குள் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. எல்லை அளவை, கட்டிட நிலை ஆய்வு, கட்டமைப்பு ஆய்வு, விலை மதிப்பீடு எல்லாவற்றையும் ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றும் விடை சொல்வது வேறொரு கேள்விக்கு. கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கும் முன், உங்களுக்குத் தெரிய வேண்டியது என்ன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு, கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டு அறிக்கையை நம்பி வாங்குவது. மதிப்பீட்டாளர் வங்கிக்காக வருகிறார். தவணை நின்றுபோனால் இந்தச் சொத்தை விற்றுக் கடனை மீட்க முடியுமா என்பதே அவர் பார்க்க வேண்டியது. பளிச்சென்று தெரியும் குறையை அவர் குறிப்பிடலாம். ஒளிந்திருக்கும் குறையைத் தேடுவது அவர் வேலை அல்ல. "வங்கியே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று மகிழ்கிறவர்கள், கட்டிடத்தின் உறுதியை யாருமே பார்க்கவில்லை என்பதை உணர்வதில்லை. விற்பவர் நீட்டும் அறிக்கையிலும் கவனம் தேவை. யார் கேட்டு, யாருக்காக, எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, எந்தக் கட்டிடத்துக்கும் மேலோட்டமான நிலை ஆய்வே போதும் என்ற எண்ணம். அந்த ஆய்வில் வல்லுநர் கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்து எழுதுவார்; பொதுவாகத் தரையைப் பெயர்க்க மாட்டார், பூச்சைச் சுரண்ட மாட்டார். வழக்கமான முறையில் கட்டப்பட்டு நல்ல நிலையில் இருக்கும் வீட்டுக்கு அது பொருத்தம்தான். மிகப் பழைய கட்டிடம், சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கிய வீடு, பிற்பாடு மாடி எழுப்பிய வீடு என்றால் கட்டமைப்புப் பொறியாளர் வர வேண்டும். காரணம் எளியது. கம்பி துருப்பிடிக்கும்போது, துருவாக மாறும் இரும்பு முன்பிருந்ததைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை கூடுதல் இடத்தை அடைத்துக்கொண்டு, சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. வெளியே விரிசல் தெரியும் நேரத்தில் உள்ளே துரு வெகுதூரம் போயிருக்கும். புதிதாகப் பூசி வண்ணம் அடித்துவிட்டால் அந்த விரிசலும் தெரியாது.

கருவியைக் கண்டதும் மயங்குவது இன்னொரு தவறு. கான்கிரீட்டின் மேல் தட்டிப் பார்க்கும் சுத்தியல் சோதனை மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே காட்டும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஊறிய பழைய கான்கிரீட்டின் மேற்புறம் கடினமாகிவிடுவதால், அதன் எண் உண்மையைவிட உயர்வாகவே வரும். அதே கார்பன் டை ஆக்சைடுதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையையும் குறைக்கிறது! ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐயம் இருந்தால் உருளை வடிவில் மாதிரி வெட்டியெடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல்களுக்கும் ஒரே நாளில் தீர்ப்பு எழுதிவிட முடியாது. அது வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதே முக்கியம். சில வகை மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் என்பதால், விரிசலின் மேல் அளவுகோல் பொருத்தி இரண்டு பருவங்களிலும் பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும்.

மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் அதை வல்லுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அஸ்திவாரத்தின் ஓரம் குழி தோண்டி ஆழத்தை அளப்பதும் மண்ணைச் சோதிப்பதும் தனி வேலை; சாதாரண ஆய்வில் அவை சேராது.

புதுக் கட்டிடத்துக்கு எதுவும் தேவையில்லை என்பதும் சரியல்ல. நீர்க்கசிவும் வடிகால் சரிவும் முதல் நாளிலேயே தவறாக அமைந்திருக்கலாம்.

கடைசியாக, அறிக்கையில் 'பார்க்க இயலாதவை' என்ற பகுதியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நான் முதலில் வாசிப்பது அதைத்தான். பூட்டிய அறை, ஏற முடியாத கூரை, பொருள்கள் அடைத்த பரண் என்று அங்கே வரிசையாக இருக்கும். முன்பணம் கொடுக்கும் முன் பூட்டைத் திறந்து, பரணைக் காலி செய்து, ஏணியும் வைத்துவிட்டு ஆய்வாளரை இன்னொரு முறை வரச் சொல்லுங்கள்.