வெளிநாட்டுக் காசில் ஊருக்குள் சமாதான வேலை செய்யப் போகிறீர்களா?

இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் நீங்கள் ஒரு சின்னச் சங்கம் நடத்துகிறீர்கள், சுற்றிலும் தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள், ஏதோவொரு தூதரகமோ பெரிய என்ஜிஓவோ சமூக நல்லிணக்கத்துக்கு உப மானியம் (தன் நிதியிலிருந்து சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகை) தருவதாக அறிவித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே புரொபோசல் எழுத உட்காராதீர்கள். உங்கள் பகுதியில் சனம் உண்மையில் எதற்காகச் சண்டை பிடிக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

வெளியில் அது மதச் சண்டையாகத் தெரியும். உள்ளே போனால் பெரும்பாலும் காணி, தண்ணீர், மேய்ச்சல் தரை, சந்தைக் கடை என்று ஏதாவது கிடக்கும். மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பிரச்சினையையே எடுங்கள். தமிழ்ப் பண்ணையாளர்கள் மாடு மேய்த்த தரையில் வெளியிலிருந்து வந்த சிங்கள விவசாயிகள் பயிர் செய்யப் போய்த்தான் அது வளர்ந்தது. அங்கே இரண்டு பக்கத்துப் பொடியன்களையும் கூட்டிவந்து கிரிக்கெட் ஆட வைத்தால் ஒரு மாட்டுக்குக்கூட மேலதிகமாகப் புல் கிடைக்காது. மேய்ச்சல் தரைக்கு யார் எல்லை போடுவது, போட்ட எல்லையை யார் காப்பாற்றுவது என்பதுதான் கேள்வி, அது அந்தப் பகுதிக் காணிகளை நிர்வகிக்கும் அரச நிறுவனமான மகாவலி அதிகார சபை வரைக்கும் போகிற கேள்வி.

அதனால் கிராம உத்தியோகத்தர், மாதர் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் பரிபாலன சபை, விகாரை, மீனவர் சங்கம் எல்லோரையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகள்தான்: கடைசியாக எதற்குச் சண்டை வந்தது, யார் தீர்த்து வைத்தார்கள், தீராமல் இருந்தால் யாருக்கு லாபம்? மூன்றாவது கேள்விக்கு ஒருவரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். தேத்தண்ணி முடிந்து எழும்பும் நேரத்தில் சொல்வார்கள், அதுவரை பொறுமையாக இருங்கள்.

அடுத்தது, யாருக்குக் கொடுப்பது. இதில் பிழை விட்டால் உதவியே புதுச் சண்டைக்கு விதை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில், சுனாமியில் பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்கென்று சவூதி உதவியில் 500 வீடுகள் கட்டினார்கள். ஒரு சமூகத்துக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து காடு ஏறின. தேவை உண்மைதான், காசும் வந்தது, கட்டியும் முடித்தார்கள். ஆனால் பயனாளிப் பட்டியலையும் காணியையும் பற்றிப் பக்கத்து ஊர்களோடு முதலிலேயே பேசி முடித்திருக்க வேண்டும், அடிக்கல் வைத்த பிறகு பேசிப் பயனில்லை. உங்கள் திட்டம் பத்துத் தையல் மெஷின் கொடுப்பதாக இருந்தாலும் இதே விதிதான்: தெரிவு செய்யும் அளவுகோலை எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்தில் ஒட்டுங்கள்.

மேசையில் யார் இல்லை என்றும் பாருங்கள். 2003 யூனில் டோக்கியோவில் கொடையாளி நாடுகள் கூடி, அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான சமாதானப் பேச்சில் முன்னேற்றம் வந்தால் என்ற நிபந்தனையோடு 450 கோடி டொலர் தருவதாக வாக்களித்தன. புலிகள் அந்த மாநாட்டுக்கே போகவில்லை. காசைக் காட்டிப் பேச்சை நகர்த்தலாம் என்ற கணக்கு அதோடு சரி. சுனாமிக்குப் பிறகு 2005 யூன் 24 இல் கையெழுத்தான பொதுக்கட்டமைப்பு, அதாவது சுனாமி உதவியை வடக்கு கிழக்கில் சேர்ந்து பகிர்வதற்கான ஏற்பாடு, அதைவிடக் கிட்டத்துப் பாடம். அரசும் புலிகளும் கையெழுத்திட்டார்கள், அழிவில் பெரும் பங்கைச் சுமந்த முஸ்லிம்கள் கையெழுத்திடும் தரப்பாக இல்லை. அதை எதிர்த்து அரசின் கூட்டணிக் கட்சியான ஜேவிபி கையெழுத்துக்கு முன்பே அரசை விட்டு வெளியேறியது, அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் முக்கியமான பகுதிகளுக்குத் தடை போட்டது. உங்கள் ஆலோசனைக் குழுவில் ஒரு சமூகத்துக்குப் பேருக்கு ஒருவரைப் போட்டுவிட்டு, அவருக்கு விளங்காத மொழியில் கூட்டம் நடத்தினால் கதை இதேதான். மொழிபெயர்ப்பாளருக்குப் பட்ஜெட்டில் தனியாகக் காசு ஒதுக்குங்கள், கொடையாளி குறைக்கச் சொன்னாலும் விடாதீர்கள்.

சரி, இப்போது எழுதலாம். இத்தனை பேர் செயலமர்வுக்கு வந்தார்கள் என்பதை வெற்றியின் அளவாக வைக்காதீர்கள். சாப்பாடும் போக்குவரத்துக் காசும் கொடுத்தால் யாரும் வருவார்கள். அதற்குப் பதில் இத்தனை காணி முறைப்பாடு மத்தியஸ்த சபைக்குப் போனது, இத்தனை தீர்ந்தது என்று வையுங்கள். பிணக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைகள் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே இயங்குகின்றன, சில மாவட்டங்களில் காணிக்கென்றே விசேட சபைகளும் உண்டு. அவற்றுக்கு வழக்குகளை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே நல்ல திட்டம், புதிதாக ஒரு சமாதானக் குழுவை உருவாக்கிப் பெயர்ப்பலகை மாட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

பேர்ப் பட்டியல் விஷயத்தில் மிகவும் கவனம். வடக்கு கிழக்கில் கூட்டம் வைத்தால் யார் வந்தார்கள் என்று புலனாய்வுக்காரர் கேட்டு வருவது புதுக் கதை இல்லை. கொடையாளியும் கையொப்பப் பட்டியல், படம் எல்லாம் கேட்பார். எதைக் கொடுப்பது, எதைக் கொடுப்பதில்லை என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே பேசுங்கள். வருகிறவர்களிடமும் சொல்லுங்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமாரின் முகத்தைக் கேட்காமல் பேஸ்புக்கில் போடாதீர்கள்.

உங்கள் வேலை சட்டச் சீர்திருத்தத்தைத் தொடுகிறது என்றால் மானியம் மட்டும்தான் வழி என்றில்லை. இலங்கை ஏற்றுமதிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை மனித உரிமை உடன்படிக்கைகளோடு கட்டப்பட்டது. அவற்றை மீறியதற்காக 2010 இல் நிறுத்தப்பட்டு 2017 இல் திரும்பக் கிடைத்தது. அதைக் கண்காணிக்க வருகிற குழுக்கள் சிவில் அமைப்புகளையும் சந்திக்கும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உங்கள் பகுதியில் நடந்ததை, சம்பந்தப்பட்டவர் சம்மதத்தோடு, திகதியோடும் ஆவணத்தோடும் இரண்டு பக்கத்தில் கொடுத்தால் படிப்பார்கள். இருபது பக்கம் வேண்டாம்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் இடைநிறுத்தும் பிரிவைக் கட்டாயம் வாசியுங்கள். 2025 சனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது அதன் உதவி நிறுவனமான யூஎஸ்எயிட்டின் காசில் ஓடிய வேலைகள் உலகம் முழுக்க அந்தரத்தில் நின்றன. அறிவித்தல் காலம் எவ்வளவு, ஏற்கெனவே செலவழித்ததை யார் கட்டுவது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பாதியில் நின்றால் இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்கும் வழக்குகளை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் பிரதேச செயலகத்தோடு இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.