சின்ன நாய்க்கு உண்ணி மருந்தா? மொதல்ல எடை போடுங்க

உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு கழுத்துல ஊத்துற ஸ்பாட் ஆன் மருந்து வாங்கப் போற அன்னைக்கே நாயை எடை போட்டுடுங்க, கடைக்காரர் குத்துமதிப்பா எடுத்துத் தர்ற டியூபை வாங்கிடாதீங்க. நாயைத் தூக்கிட்டு வெயிங் மெஷின்ல ஒருதடவை ஏறுங்க, அப்புறம் நீங்க மட்டும் ஏறி அதைக் கழிச்சா முடிஞ்சது.

ஏன்னா டோஸ் மொத்தமும் கிலோ கணக்குதான். ஃபிப்ரோனில்ங்கற பூச்சிக்கொல்லி மட்டும் இருக்கற டியூப்ல 2–10 கிலோ நாய்க்கு 0.67 மில்லி, 20–40 கிலோவுக்கு 2.68 மில்லி, சரியா நாலு மடங்கு. அதனால பெரிய டியூபை வாங்கி நாலா பிரிச்சா காசு மிச்சம்னு தோணும் (எனக்கும் தோணுச்சு), ஆனா உடைச்ச டியூப்ல இருந்து 0.67ஐ கண்ணால யார் அளக்கறது, கை தவறி பாதி போய்ட்டாலே 4 கிலோ பொமரேனியனுக்கு டபுள் டோஸ். ஊத்தறது தோள்பட்டைக்கு நடுவுல, முடியை விலக்கி தோல் மேலேயே, அங்கதான் நாக்கு எட்டாது. முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு நாள் குளிப்பாட்ட வேணாம்.

8 வாரம் ஆகாத குட்டி, 2 கிலோவுக்கு கம்மியான நாய்க்கெல்லாம் இது சரிவராது, சீப்பால வாரி எடுத்துட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. வீட்ல பூனை இருந்தா பெர்மெத்ரின்ங்கற பூச்சிக்கொல்லி கலந்த மருந்தைத் தொடவே தொடாதீங்க, பூனைக்கு அது விஷம். வலிப்பு வந்த நாய்னா ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் மாதிரி உண்ணி மாத்திரையை டாக்டர் சொல்லாம குடுக்காதீங்க.