டிஸ்லெக்ஸியா: பள்ளி "பார்க்கலாம்" என்றால் அடுத்து என்ன?

கேட்டால் பதிலைக் கடகடவென்று சொல்கிற பிள்ளை, எழுத உட்கார்ந்தால் பாதித்தாளைக் காலியாக விட்டுவிடும். "வீட்டில் கொஞ்சம் அதட்டி உட்கார வையுங்கள்" என்கிற பள்ளிகளுக்கு இன்னும் பஞ்சமில்லை. வாதாடாதீர்கள், பள்ளிக்கு மனுவாக எழுதிக் கொடுங்கள்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று, வாசிக்கவும் எழுதவும் தடுமாற வைக்கும் டிஸ்லெக்ஸியா அதற்குள் அடக்கம். பிரிவு 16, சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பச் சொல்லிக்கொடு என்கிறது. பிரிவு 17-இல் தேர்வுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம், மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு எல்லாம் இருக்கின்றன. மனுவில் இந்த இரண்டு எண்களும் கட்டாயம் வர வேண்டும். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பரிசோதனையையும் சான்றிதழையும் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் வரும் வரை தள்ளிப்போடாதீர்கள், மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கலாம். "சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் இல்லையே, எழுத ஆள் கிடையாது" என்று யாராவது சொன்னால், 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு இதற்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டதை எடுத்துக் காட்டுங்கள். அந்த 40 இடஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான்.

சரி, உங்கள் பிள்ளைக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த பிள்ளைக்கு? இங்கேதான் நான்கைந்து பெற்றோர் சேர வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது, எண்ணிக்கையும் நகலும் மட்டும் கேளுங்கள்: எத்தனை பேர் தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் பணியிடங்கள் எத்தனை, அதில் காலி எத்தனை, அப்புறம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்று அதே பிரிவு 17 சொல்கிறதே, அந்தக் கணக்கெடுப்பு அறிக்கையின் நகல். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு.

வந்த பதிலைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம், ஆனால் அதோடு நிற்க வேண்டாம், பெரும்பாலும் அது சுற்றி வந்து அதே கல்வி அலுவலகத்தில்தான் விழும். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு ஒரு புகார் போகட்டும். அவர் பரிந்துரைத்தால், சம்பந்தப்பட்ட துறை மூன்று மாதத்துக்குள் என்ன செய்தது என்று அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சட்டமன்றத்தில் பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டு விவாதம், வருவதற்கு முன்பே அந்த எண்களை ஒரே பக்கத்தில் எழுதி, உங்கள் தொகுதி எம்எல்ஏ கையில் நேரில் கொடுத்துவிடுங்கள்.