வடசென்னைக் காற்றுக்கு ஏற்ற கேபினட் விசிறியைத் தேர்ந்தெடுத்தல்

கணினி கேபினட்டுக்கு விசிறி வாங்குபவர்கள் பெரும்பாலும் சுழல்வேகத்தையும் விளக்கின் நிறத்தையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகவும், உள்ளே வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி வரையிலும் வசிப்பவர்களுக்கு அந்த வழக்கம் உதவாது. இங்கே கேபினட்டுக்குள் நுழையும் காற்றில் கடல் உப்பும், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும், வடக்கே போகப்போக நிலக்கரித் தூளும் சாம்பலும் கலந்திருக்கின்றன. ஆகவே ஒரு விசிறி திறந்த வெளியில் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பதைவிட, தூசி வடிகட்டியின் வழியாக எவ்வளவு காற்றை இழுத்துத் தருகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது, உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடலோரச் சென்னையில் விடியற்காலையில் அந்த அளவைத் தாண்டுவது மிகச் சாதாரணம். மதர்போர்டின் மேல் படிந்த தூசியில் உப்பு கலந்திருந்தால் அது ஈரமாகிப் பிசுபிசுத்து, இணைப்பு முனைகளை அரிக்கிறது; அந்தப் பிசுபிசுப்பின் மேல் அடுத்த நாளின் தூசி இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது உட்புறம் வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பதால் ஈரம் தங்குவதில்லை. பரணிலோ படுக்கையறை மூலையிலோ மாதக்கணக்கில் அணைத்து வைத்த கணினியே அதிகம் கெடுகிறது.

தூசியும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத்தாதுவையும் கையாள்வது 2011ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவால் நின்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. அதற்குமுன் ராயபுரத்து மாடிகளில் படிந்த கரித்தூளை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் மிக நுண்ணியது. கேபினட்டுடன் வரும் நைலான் வலையின் கண்களைவிட அதன் துகள்கள் பலமடங்கு சிறியவை என்பதால் வலை அதை முழுவதும் தடுக்காது. அத்தகைய இடங்களில் காற்றை வேகமாக இழுக்காமல் பெரிய விசிறிகளால் மெதுவாக இழுப்பதும், தேவைக்கு மேல் விசிறிகளைப் பொருத்தாமல் இருப்பதும் நல்லது. உள்ளே போகும் காற்று குறைந்தால் உள்ளே சேரும் சாம்பலும் குறையும்.

தேவைக்கு மேல் என்றால் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே அறியலாம். விசிறிப் பெட்டியின் மேல் சி.எஃப்.எம். என்று குறிப்பது, ஒரு நிமிடத்தில் அது தள்ளும் காற்று எத்தனை கன அடி என்பதையே. கணினி வெளியிடும் வெப்பத்தை வாட் கணக்கில் எடுத்து 1.76ஆல் பெருக்கி, உள்ளே நுழையும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் இடையே எத்தனை டிகிரி செல்சியஸ் வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறீர்களோ அதனால் வகுத்தால், தேவையான சி.எஃப்.எம். கிடைக்கும். கணக்கு எழுதவும் இணையம் பார்க்கவும் பயன்படும் 100 வாட் கணினிக்கு, 10 டிகிரி வேறுபாட்டில் 18 சி.எஃப்.எம். போதும். கிராபிக்ஸ் கார்டு பொருத்தி விளையாட்டுக்கோ வீடியோ தொகுப்புக்கோ பயன்படும் 400 வாட் கணினிக்கு 70 சி.எஃப்.எம். தேவைப்படும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் எந்தத் தடையும் இல்லாத நிலையில் அளந்தது. வலையும் கம்பியும் வட்டுத் தட்டுகளும் குறுக்கே நிற்கும் கேபினட்டில் அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது பாதுகாப்பானது. அப்படிப் பார்த்தாலும், முதல் வகைக் கணினிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு 120 மி.மீ. விசிறிகள் தாராளமாகப் போதும். இரண்டாம் வகைக்கு முன்னால் இரண்டோ மூன்றோ, பின்னால் ஒன்று போதும். ஏழு, எட்டு விசிறிகள் பொருத்திய கேபினட் கண்ணுக்கு அழகாக இருக்கலாம். இந்த ஊரில் அது தூசியை ஏழு, எட்டு மடங்கு அழைத்து வருவதற்கான ஏற்பாடாகவே எனக்குத் தெரிகிறது.

எந்த விசிறியும் அறையின் வெப்பத்துக்குக் கீழே கணினியைக் குளிர்விக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மே மாதப் பிற்பகலில், வெயில் நேரே இறங்கும் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை 37 டிகிரியில் இருந்தால், மேலே சொன்ன கணக்கின்படி கேபினட்டிலிருந்து வெளியேறும் காற்று 47 டிகிரியில் இருக்கும். இன்றைய ப்ராசசர்கள் 95 முதல் 100 டிகிரி அளவில்தான் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன என்பதால் இது அஞ்ச வேண்டிய நிலை இல்லை. ஆனால் கேபினட்டை மேசையின் மூடிய தட்டுக்குள் வைத்தால், வெளியேறிய சூடான காற்றே திரும்ப உள்ளே நுழையும். அப்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய விசிறியும் பயன்படாது. பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளியிருக்க வேண்டும்.

இனி, வடிகட்டியின் வழியாக இழுக்கும் திறனுக்கு வருவோம். இதை ஸ்டேட்டிக் பிரஷர் என்று குறிப்பிட்டு, மில்லிமீட்டர் நீர் என்ற அலகில் அளவு தந்திருப்பார்கள். முன்புறம் வலைக்குப் பின்னால் பொருத்தும் 120 மி.மீ. விசிறிக்கு, முழுவேகத்தில் இந்த அளவு 2 மி.மீ. அளவில் இருப்பது விரும்பத்தக்கது. எடுத்துக்காட்டாக, ஆர்க்டிக் நிறுவனத்தின் பி12 விசிறி நிமிடத்துக்கு 1800 சுற்று வேகத்தில் 56.3 சி.எஃப்.எம். காற்றையும் 2.2 மி.மீ. அழுத்தத்தையும் தருவதாக அந்நிறுவனம் குறிப்பிடுகிறது. ஆஸ்திரியாவின் நாக்டுவா 2018இல் வெளியிட்ட என்எஃப்-ஏ12x25 விசிறி 2000 சுற்றில் 60 சி.எஃப்.எம். காற்றையும் 2.34 மி.மீ. அழுத்தத்தையும் தருகிறது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்காமல், காற்றின் அளவை மட்டும் பெரிதாக அச்சிட்டு அழுத்தத்தைக் குறிப்பிடாத விசிறியை முன்புறத்துக்கு வாங்க வேண்டாம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றும் பாதியாகும், ஆனால் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் மெதுவாக ஓடவிருக்கும் விசிறிக்கும் முழுவேக அழுத்தம் தாராளமாக இருக்க வேண்டும். பெட்டியில் எண்கள் இல்லையென்றால் இறக்கைகளைப் பாருங்கள்: அகலமாகவும் அவற்றுக்கிடையே இடைவெளி குறுகலாகவும் இருந்தால் அது வலைக்குப் பின்னால் நின்று உழைக்கும் வகை.

அளவைப் பொறுத்தவரை, கேபினட்டில் இடமிருந்தால் 140 மி.மீ. விசிறியை வாங்குங்கள், அதே காற்றைக் குறைந்த வேகத்தில், குறைந்த ஓசையில் தரும். கடைக்குப் போகுமுன் திருகுத் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்துகொள்ள வேண்டும். 120 மி.மீ. விசிறிக்கு அது 105 மி.மீ., 140க்கு 124.5 மி.மீ., பழைய கேபினட்களில் காணப்படும் 80 மி.மீ. விசிறிக்கு 71.5 மி.மீ. வழக்கமான தடிமன் 25 மி.மீ.; 15 மி.மீ. தடிமனில் வரும் மெலிந்த விசிறிகளை இடமே இல்லாதபோது மட்டும் நாடலாம்.

விசிறிகளைப் பொருத்தும் திசையில்தான் தூசியை வெல்லும் வழி இருக்கிறது. வாசலும் கொல்லைப்புறமும் நேராகத் திறந்த வீட்டில் காற்று ஓடுவதுபோல, முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறும் பாதையே கேபினட்டுக்கும் சிறந்தது. அதோடு, உள்ளே வரும் காற்று வெளியே போகும் காற்றைவிடச் சற்று அதிகமாக இருக்கும்படி அமைக்க வேண்டும். அப்போது கேபினட்டுக்குள் அழுத்தம் கூடி, பக்கவாட்டு இடுக்குகளிலும் பின்புறத் துளைகளிலும் காற்று வெளிநோக்கியே கசியும். வடிகட்டாத காற்று அவற்றின் வழியாக நுழையாது. வெளியேற்றும் விசிறிகள் மிகுந்துவிட்டால் எல்லா இடுக்குகளும் தூசி உறிஞ்சும் வாயாக மாறிவிடும். மேற்புறத்தில் விசிறி பொருத்தத்தான் வேண்டுமென்றால் பின்மூலையில் பொருத்துங்கள்; முன்மூலையில் பொருத்தினால் அப்போதுதான் நுழைந்த குளிர்ந்த காற்றை ப்ராசசருக்குப் போய்ச் சேருமுன்னரே வெளியே எடுத்துவிடும். முன்புறம் முழுக்கக் கண்ணாடி அடைத்த கேபினட்டை இந்தப் பகுதிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விசிறிச் சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம் காற்று வெளிவரும் பக்கம், திறந்த இறக்கைகள் தெரியும் பக்கம் காற்றை இழுக்கும் பக்கம். சில விசிறிகளின் விளிம்பில் அம்புக்குறிகளும் இருக்கும். எல்லாவற்றையும் பொருத்திய பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பின்புறத் துளைகளின் அருகே பிடித்துப் பாருங்கள். புகை வெளிநோக்கித் தள்ளப்பட்டால் அமைப்பு சரி. உள்ளே இழுக்கப்பட்டால், மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரையான பயாஸில் பின் விசிறியின் வேகத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

விசிறியின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பாகமே பேரிங். விலை மலிந்த விசிறிகளில் புஷ் வகை பேரிங் இருக்கும். அதிலுள்ள எண்ணெய் வெப்பத்தில் மெல்ல உலர்ந்து, விசிறி முதலில் முனகி, பிறகு அதிர்ந்து, கடைசியில் நின்றுபோகும். கேபினட்டின் மேல்தளத்தில் படுக்கைவசமாகப் பொருத்தினால் அது இன்னும் விரைவில் தேயும். நம் ஊர் வெப்பத்துக்கு ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் அல்லது இரட்டை பால் பேரிங் உள்ளவற்றையே வாங்க வேண்டும். பால் பேரிங் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் சற்று ஓசை தரும். படுக்கையறையில் கணினி இருந்தால் ஃப்ளூயிட் டைனமிக் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். கடலை ஒட்டிய தெருவிலோ பட்டறையிலோ கணினி இருப்பவர்களுக்கு, தூசிக்கும் நீருக்கும் எதிராக ஐ.பி.67 தரச்சான்று பெற்ற தொழிற்சாலை வகை விசிறிகளும் கிடைக்கின்றன. அவற்றின் விலையும் முழுவேகத்தில் அவை எழுப்பும் இரைச்சலும் அதிகம் என்பதால் வீட்டுக்கு நான் பொதுவாகச் சொல்வதில்லை.

இணைப்பில் மூன்று வகை உண்டு. நான்கு ஊசி கொண்ட பி.டபிள்யூ.எம். விசிறியின் வேகத்தை மதர்போர்டு தனிச் சமிக்ஞையால் துல்லியமாகக் கட்டுப்படுத்தும். மூன்று ஊசி விசிறியின் வேகத்தை மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் கட்டுப்படுத்த முடியும். பயாஸில் அந்த இணைப்பை டி.சி. முறைக்கு மாற்றாவிட்டால் அது எப்போதும் முழுவேகத்தில் ஓடும். கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் மோலெக்ஸ் விசிறிக்குக் கட்டுப்பாடே இல்லை, அதைத் தவிர்க்கலாம். மதர்போர்டின் ஓர் இணைப்பு பெரும்பாலும் 1 ஆம்பியர் வரை தாங்கும். ஒரே இணைப்பிலிருந்து இரண்டு மூன்று விசிறிகளுக்குப் பிரிக்குமுன், அவற்றின் முதுகில் அச்சிட்ட ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். விளக்குள்ள விசிறியானால், 5 வோல்ட்டில் இயங்கும் மூன்று ஊசி ஏ.ஆர்.ஜி.பி. இணைப்பையும் 12 வோல்ட்டில் இயங்கும் நான்கு ஊசி ஆர்.ஜி.பி. இணைப்பையும் மாற்றிச் செருகிவிடக் கூடாது. 5 வோல்ட் விளக்குகள் உடனே கருகிவிடும்.

ஓசையைப் பற்றிப் பலர் தவறாக எண்ணுகிறார்கள். ஒரே மாதிரியான இரண்டு விசிறிகள் சேர்ந்து ஓடும்போது ஓசை 3 டெசிபல்தான் கூடுகிறது, ஆனால் ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 15 டெசிபல் குறைகிறது. ஆகவே ஒரே விசிறியை விரட்டி ஓட்டுவதைவிட இரண்டை நிதானமாக ஓட்டுவதே அமைதியானது.

வாங்குவதற்கு, கணினிப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவே இன்னமும் வசதியான இடம். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபிறகு, திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். கடையில் விசிறியை வெளியே எடுத்து விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்று தானாக நிற்க வேண்டும், இறக்கை சட்டத்தை உரசவோ தள்ளாடவோ கூடாது. முடிந்தால் அங்கேயே மின்சாரம் கொடுத்து ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள். உத்தரவாத காலம் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். காந்தப் பட்டையுடன் கூடிய ஒரு தனி வடிகட்டி வலையையும் அன்றே வாங்கிவிட்டால், ஒன்று காயும்போது மற்றொன்றைப் பொருத்தலாம்.

வலையை மாதம் ஒரு முறையும், லாரிப் பாதையை ஒட்டிய வீடுகளில் இரு வாரத்துக்கு ஒரு முறையும் குழாய் நீரில் கழுவி, நிழலில் முற்றும் உலர்த்திய பின்பே மாட்ட வேண்டும். போகியன்று காலையில் தெருவெங்கும் புகை சூழ்ந்திருக்கும் நேரத்தில் கணினியை அணைத்தே வைத்திருப்பது நல்லது. உட்புறத்தை ப்ளோயரால் சுத்தம் செய்யும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் சேதமடையும். முனகும் விசிறிக்கு எண்ணெய் விடுவது சில வாரங்களுக்கே உதவும், அந்த இடைவெளியில் புதியதை வாங்கிவிட வேண்டும். அதைப் பொருத்தும்போது பழைய இரும்புத் திருகுகள் துருவேறியிருந்தால் அவற்றையே மீண்டும் முறுக்காமல் ரப்பர் முளைகளைப் பயன்படுத்துங்கள். அவை துருப்பிடிப்பதுமில்லை, விசிறியின் அதிர்வையும் கேபினட்டின் தகட்டுக்குக் கடத்துவதில்லை.