டாஃப்னியா வாழ்ந்த தண்ணீர் போதும்: பாசி கூட்டம் சேர்வதை நீங்களே பார்க்கலாம்

குளத்துத் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் சீனெடெஸ்மஸ் பாசியைக் கண்டிருப்பார்கள். வெள்ளரி விதைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்ததுபோல நான்கு பச்சை செல்கள் வரிசையாக இருக்கும். இதே பாசியைக் குடுவையில் தனியே வளர்த்தால் பல வகைகள் ஒற்றைச் செல்லாகவே பெருகும். அதை மறுபடி கூட்டமாக்க, அதைத் தின்னும் டாஃப்னியா என்ற சிறு நீர்வாழ் உயிர் வாழ்ந்த தண்ணீரை வடிகட்டி ஊற்றினாலே போதும் என்று 1993-ல் ஹெஸ்ஸன், வான் டொங்க் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தின்னும் உயிர் பக்கத்தில் இருக்கவே வேண்டாம்! எனக்கு இன்றும் வியப்பு தீராத விஷயம் இது.

வேண்டியவை: ஒற்றைச் செல்லாக வளரும் சீனெடெஸ்மஸ் (கல்லூரித் தாவரவியல் துறையில் கேட்டுப் பாருங்கள்), அலங்கார மீன் கடை டாஃப்னியா, பாசி வளர்க்கும் பிஜி-11 ஊட்டக் கரைசல், 0.2 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டர்கள், 400 மடங்கு பெரிதாக்கும் மைக்ராஸ்கோப்.

1. கழுவுதல். அவசரப்பட்டு இதைத் தாண்டிவிடாதீர்கள். டாஃப்னியா தண்ணீரில் விடும், பாசியைக் கூட்டம் சேர உசுப்பும் பொருளை 2005-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அது ஒருவகை அலிஃபாட்டிக் சல்ஃபேட், சோப்புத்தூளில் இருக்கும் பொருளுக்கு நெருங்கிய உறவு. அதனால் குடுவையில் சோப்பு ஒட்டியிருந்தால் டாஃப்னியா இல்லாமலே பாசி கூட்டம் சேர்ந்துவிடக்கூடும். சில ஃபில்டர்களிலிருந்தும் இதே வகைப் பொருள் கசியும். குடுவைகளை வாலை வடிநீரில் பலமுறை அலசுங்கள். ஃபில்டர் வழியாகவும் முதலில் வாலை வடிநீரைச் செலுத்திக் கொட்டிவிடுங்கள்.

2. டாஃப்னியா தண்ணீர். ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன தண்ணீர் 100 மி.லி.யில் கொஞ்சம் பாசியும் 20 டாஃப்னியாவும் விடுங்கள். பட்டினி கிடக்கும் டாஃப்னியா உதவாது, நன்றாகத் தின்ன வேண்டும். இன்னொரு பாத்திரத்தில் அதே தண்ணீர், அதே பாசி, டாஃப்னியா மட்டும் இல்லாமல். 24 மணி நேரம் கழித்து இரண்டையும் தனித்தனி ஃபில்டரில் வடிகட்டுங்கள்.

3. கலத்தல். ஊட்டக் கரைசலில் வளரும் பாசி 90 மி.லி. வீதம் இரண்டு குடுவைகள். ஒன்றில் டாஃப்னியா தண்ணீர் 10 மி.லி., மற்றதில் வெறும் பாசித் தண்ணீர் 10 மி.லி. வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது.

4. இரண்டு நாள் பொறுங்கள். தனித்தனி செல்கள் நீந்திவந்து ஒட்டிக்கொள்வதில்லை. தாய்ச் செல் தனக்குள்ளேயே நான்காகவோ எட்டாகவோ பிரிகிறது. வழக்கமாகப் பிரிந்து போகும் பிள்ளைகள் இப்போது ஒட்டியபடியே வெளிவருகின்றன. அதனால்தான் உடனே எதுவும் தெரியாது.

5. எண்ணுதல். குடுவையை மெல்லச் சுழற்றிவிட்டு ஒரு சொட்டு எடுங்கள். தனிச் செல்லோ கூட்டமோ, ஒவ்வொன்றையும் ஒரு துகளாகக் கொண்டு 100 துகள்களை எண்ணுங்கள். அவற்றிலுள்ள மொத்த செல்களை 100-ஆல் வகுத்தால் சராசரி கிடைக்கும். 130 செல்கள் என்றால் 1.3. இரண்டு குடுவைக்கும் இதைத் தனித்தனியே செய்யுங்கள்.

எண்ணி முடித்ததும் குடுவைகளை அசைக்காமல் ஓரிரவு வையுங்கள். கூட்டம் சேர்ந்த பாசி சீக்கிரம் அடியில் படியும். குளத்தில் அப்படிப் படிந்தால் வெளிச்சம் போய்விடும். டாஃப்னியா இல்லாதபோது இந்தப் பாசி தனிச் செல்லாக இருப்பதற்கு அதையே காரணமாகச் சொல்கிறார்கள்.