காப்புரிமை (பேடன்ட்) மீறல் நோட்டீஸ் வந்தால் முதலில் செய்ய வேண்டியவை

சூட்டோடு சூடாகப் பதில் எழுதாதீர்கள். இந்தியக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் நோட்டீஸில் உள்ள காப்புரிமை எண்ணைத் தேடுங்கள். காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு; புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் முன்பே காலாவதியாகிவிடும்.

அடுத்து கிளெய்ம் சார்ட்: காப்புரிமை ஆவணம் எதற்கு உரிமை கோருகிறது என்று சொல்லும் வாக்கியங்களை (கிளெய்ம்கள்) உங்கள் கருவியோடு ஒப்பிடும் அட்டவணை. பெரும்பாலும் வழக்கின் போக்கே இதில்தான் இருக்கிறது. சுருக்கத்தையும் படங்களையும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். உரிமையின் எல்லையை வகுப்பவை கிளெய்ம்கள். முதல் கிளெய்மைக் கூறு கூறாகப் பிரித்து இடப்பக்கம் எழுதுங்கள். “சென்சார் அளவைச் சர்வருக்கு அனுப்பி, அங்கே ஒப்பிட்டு, எச்சரிக்கை தருவது” என்றால் மூன்று வரி. வலப்பக்கம் உங்கள் கருவி அதைச் செய்கிறதா, ஆதாரம் எந்தக் கோப்பில் என்று குறியுங்கள். ஒப்பீடு கருவிக்குள்ளேயே நடந்தால் இரண்டாம் வரி பொருந்தாது; நேரடி மீறல் வாதம் அங்கேயே ஆட்டம் காணும். உங்கள் முறையும் அதற்குச் சமமான மாற்றுதான் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆகவே, விண்ணப்பத்தின்போது காப்புரிமை அலுவலகம் தந்த பரிசோதனை அறிக்கைக்கு அவர்கள் கொடுத்த பதிலைக் கட்டாயம் படியுங்கள். உரிமை வாங்க அன்று விட்டுக்கொடுத்ததை இன்று திரும்பக் கேட்பது கடினம்.

முன்னுரிமைத் தேதிக்கு (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த தேதி) முன்பே அந்த நுட்பம் வெளியாகியிருந்தால், காப்புரிமைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி ரத்து கோரலாம். மாவட்ட நீதிமன்றத்தில் இதை எதிர்க்கோரிக்கையாக வைத்தால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக 106-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் காப்புரிமை இருப்பதாக வெறுமனே அறிவிப்பது மிரட்டல் ஆகாது.

பழைய மின்னஞ்சல், கோட் பதிப்பு எதையும் அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் நல்ல வாதமும் எடுபடாது.