ஈப்போ கல்யாண விருந்துகள் எங்கள் குழுவுக்குக் கிடைத்த விதம்

மலேசியாவின் சுங்கை சிப்பூட்டில் எங்கள் இசைக்குழுவுக்குக் கோயில் திருவிழாக்கள் குறையவில்லை. நல்ல சம்பளம் தரும் ஈப்போ நகரக் கல்யாண விருந்துகள்தான் கிடைக்கவில்லை. வீடியோ கேட்பார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புவோம், அப்புறம் பதிலே வராது.

விலையைக் குறைத்தோம், பேரம்தான் கூடியது. ஃபேஸ்புக்கில் பணம் கட்டி விளம்பரம் போட்டோம். விசாரித்தார்கள், முன்பணம் தரவில்லை.

வேறொருவர் கைப்பேசியில் எங்கள் வீடியோவைக் கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஸ்பீக்கருக்கு முன்னால் எடுத்த பதிவு. உருமி மேளத்தின் அதிர்வைக் கைப்பேசி மைக் தாங்காமல் ஒலி உடைந்திருந்தது. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் உருமியின் கனம் கேட்காது, கரகரப்பு மட்டும் மிஞ்சும். பாடகியின் குரல் அதற்குள் புதைந்து கிடந்தது.

அடுத்த நிகழ்ச்சியில் மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சர் கருவியிலிருந்தே ஒலியைப் பதிவு செய்து, விருந்தினர் மேசையிலிருந்து எடுத்த படத்தோடு சேர்த்தோம். மிக்சர் ஒலி மட்டும் வறட்சியாக இருக்கும். மண்டபத்துக் கைதட்டலையும் கொஞ்சம் கலக்க வேண்டும். ஒரு நிமிடம் போதும், குரலில் தொடங்கட்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். மண்டப அலங்காரம் செய்பவர்களுக்கும் அனுப்பினோம். இப்போது அழைப்பவர்கள் முதலில் தேதியைக் கேட்கிறார்கள், விலையை அப்புறம்தான். அப்பாடா!